அடியில் எழுத்தில்லாத பிரதி

கொழிஞ்சாம்பாறை ஃபிலிம் சொசைட்டிக்கு
அந்த மாதம் வந்த பெட்டியில்
அடியில் எழுத்தில்லாத பிரதி.
பிரெஞ்சுப் படம். மாவு தூவிய தலைமயிர்கள்,
கன்னியர் மடத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய பெண்,
அவளுக்குப் படிதோறும் மெழுகுவர்த்தி பிடிக்கும் பிரபு.

திரை, மேலேடத்து இரட்டை வேட்டி.
கணவாய்க் காற்று புகுந்தால்
பிரபுவுக்குத் தொந்தி வரும்,
போனால் ஒட்டிக்கொள்ளும்.

நிலச் சட்டம் வந்து மேலேடத்துக்கு
நெல்களம் மட்டும் மிஞ்சிய வருஷம்.
இளையவர் கோதவர்மன்
தன் துண்டாலேயே நாற்காலி துடைத்து
என்னை உட்காரவைத்தார்.
'குட்டிக்கு பாஷை மனசிலாவாது. நான் சொல்லித் தரேன்.'
எனக்குப் பதினெட்டு. தலையாட்டினேன்.

பிரபு சொன்னார்: கதவைச் சாத்து,
நாய் உள்ளே வந்துவிடும்.
என் காதில் இளையவர்:
'நீ வருகிறவரை இந்த மாளிகைக்கு
வெளிச்சம் கூலிக்குத்தான் வந்துகொண்டிருந்தது.'

நல்ல வரி. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரபு: வாத்துக்கறியில் உப்பே இல்லை.
இளையவர், பாக்கு மணக்க, இன்னும் கிட்டத்தில்:
'உன் பெயரை நாவில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.'

அந்தப் பெண் வாய் திறந்தாள்.
என் பங்கு நிலத்துக்குப் பத்திரம் எங்கே, என்றாள்.
இளையவர் கொசுவை அடித்தார்.
'வெட்கமாம் அவளுக்கு.'

ஆபரேட்டர் முத்தாண்டி
மூன்றாம் சுருளை ஐந்துக்குப் பின்னால் ஓட்டிவிட்டான்.
பள்ளியறையிலிருந்து பொத்தான் போட்டபடி வந்தவள்
மறு நொடி மடத்தில் முழங்காலிட்டு
பூனைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.
'மனம் திருந்திட்டா' என்றார் இளையவர்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

என் அப்பா சைகோனில் கணக்கெழுதியவர்.
எங்கள் வீட்டில் மீனுக்குத் தமிழ்,
சண்டைக்குப் பிரெஞ்சு.
இளையவருக்குத் தெரிந்ததெல்லாம்
சர்க்கரை ஆலை குமாஸ்தா மகள் செலின்,
நீளச் சடை, பேச மாட்டாள்.

விளக்குப் போட்டார்கள்.
'படம் எப்படி?'
'ஒன்றும் புரியவில்லை.
நீங்கள் சொன்னதுதான் நன்றாயிருந்தது.'
அவர் காது சிவந்ததைப் பார்த்தேன்.
அப்பா சைக்கிளோடு கேட்டுக்கு வெளியே நின்றார்.
வழி முழுக்கச் சிரிப்பை அடக்க
கேரியர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அடுத்த மாதப் பெட்டி ஹங்கேரியிலிருந்து.
அதே நாற்காலி, துடைத்து வைத்திருந்தது.
முதல் வசனத்துக்கே அவர் குனிந்தார்.
இந்த பாஷை எனக்கும் தெரியாது.
திரையில் யாரோ சொன்னதைத்தான்
சொல்கிறாரோ என்று
ஒரு நொடி நம்பிவிட்டேன்.

அன்றைக்குத்தான் பயமாயிருந்தது.