துருசு வரைக்கும்

கிளினிக் கொப்பியில
சிவப்புப் பேனையால நேர்ஸ் எழுதினது:
நடக்கவும். தினமும் அரை மணித்தியாலம்.
கீழே ரெண்டு கோடு.
மேலே நீலத்தில, இருநூற்று முப்பத்தெட்டு.

இருவத்தொரு வருசமாய் ஓட்டோவில இருந்தபடியே
உலகம் சுத்தினவன் நான்.
ஒட்டுசுட்டான், மாங்குளம், நெடுங்கேணி,
சாமத்தில பிள்ளைப்பெறு எண்டால் வவுனியா.
கால் இருக்கிறது பிரேக் மிதிக்க எண்டு நினைச்சிருந்தன்.

முதல் கிழமை பொல்லாத உற்சாகம்.
கிளிநொச்சிக்குப் போய்ச் சப்பாத்து வாங்கினன்,
நாலாயிரத்து எண்ணூறு.
முத்தையன்கட்டுக் குளக்கட்டு முழுக்க நடந்து
வான் பாயிற இடத்தில நிண்டு படமெடுத்து
கனடாவில இருக்கிற மச்சானுக்கு அனுப்பினன்.
அவன் ஒரு பெருவிரல் அனுப்பினான்.

ரெண்டாம் கிழமை மழை.
மூண்டாம் கிழமை மழை இல்லை,
இருந்தாலும் மழை எண்டே வைச்சுக்கொண்டன்.
நாலாம் கிழமை சப்பாத்துக்குள்ள ஒரு தவளை
குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.
அதைக் கலைக்கிறது பாவம் எண்டு
கலாமதிக்குச் சொன்னன்.
அவள் ஒண்டும் பேசேல்லை.
என்ர தேத்தண்ணிக்குப் பக்கத்தில வைக்கிற பனங்கட்டியை
பாதியாய் உடைச்சு வைச்சாள்.

மனம் வரட்டும் எண்டு பார்த்தன்.
வரேல்லை.
விடிய அஞ்சரைக்கு போன் அடிக்கும்,
'என்னத்துக்கு?' எண்டு முழங்கால் கேட்கும்,
நியாயமான கேள்விதானே எண்டு நானும் சொல்லுவன்.
ரெண்டு பேரும் ஒத்துப்போய்ப் படுத்திடுவம்.

ஒருநாள் வெள்ளாப்பில ஹயர் பார்த்துச் சந்தியில நிக்கிறன்.
அஞ்சே முக்கால் அரசாங்க பஸ் வந்தது.
உள்ளுக்க ஆருமில்லை.
ஒரு சாக்குப் பயித்தங்காய்,
நித்திரை முறியாத கொண்டக்டர்,
முன்கண்ணாடிப் பிள்ளையாருக்கு ஊதுபத்திப் புகை.
றைவர் புவிராசசிங்கம் தெரிஞ்ச ஆள்.
'ஆளில்லாமல் எங்கையடாப்பா ஓடுறாய்?' எண்டன்.
'நேரமாச்சு' எண்டான்.
கியரைப் போட்டான், போயிட்டான்.

நான் புழுதிக்குள்ள நிண்டன்.
என்ர வண்டி ஆள் வந்தால்தான் ஸ்ராட்.
வந்தாலும் விலை பேசி முடிஞ்சால்தான்.
இந்த உடம்பையும் அப்பிடித்தானே
சந்தியில நிப்பாட்டி வைச்சிருக்கிறன்,
உற்சாகம் எண்டொருத்தன்
பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறுவான் எண்டு.

அதுக்குப் பிறகு பெரிசாய் ஒண்டும் நடக்கேல்லை.
சப்பாத்தைத் தவளைக்கே விட்டிட்டன்.
பாட்டாச் செருப்புக் காணும்.
கட்டு முழுக்க எண்டும் இல்லை, துருசு வரைக்கும்.
போக அறுநூற்றுப் பத்துக் கவடு.
கட்டில ஏறேக்க சந்தியில பஸ்சின்ர ஹோண் கேட்கும்.
யானைத் தடம் ஈரமாய்க் கிடந்தால் அதுவும் இல்லை,
வீட்டு முத்தத்தைச் சுத்தி இருவது தரம்,
கோழியள் ஒருமாதிரிப் பார்க்கும்.

பிடிக்குதோ எண்டு கேட்டால், இல்லை.
துருசின்ர இரும்பு உள்ளங்கையில குளிரும்.
நீர்க்காகம் ஒண்டு பட்ட மரத்தில
செட்டையை விரிச்சுக் காய வைக்கும்.
வடிவுதான். ஆனால் அந்த நேரத்தில
எனக்குப் பாயும் தலைகாணியும்தான் வடிவு.
கையை எடுத்திட்டுத் திரும்புவன்.

போன கிழமை ஒருநாள் பஸ் வரேல்லை.
றேடியேற்றர் போச்சுதாம்.
ஹோண் கேட்காமல்,
நேரம் பிழைச்சுப்போச்சோ எண்டு யோசிச்சபடி நடந்ததில
துருசு பின்னால போனதே தெரியேல்லை.
கோவம் வந்தது, திரும்ப அவ்வளவும் நடக்க வேணுமே.

வியாழக்கிழமை கிளினிக்.
கொப்பியில என்ன இலக்கம் விழுமோ தெரியாது.
நேற்றுப் படுத்திட்டன்,
முழுசாய், வெக்கமில்லாமல்,
கலாமதி கூட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில தட்டும்வரைக்கும்.

இண்டைக்கு அஞ்சரைக்கு
முழங்கால் பழையபடி கேட்டது,
என்னத்துக்கு?

நேரமாச்சு எண்டன்.