நூற்றேழு புள்ளி மூன்று

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி அரைக் கிலோமீட்டர்.
மண்டபத்துக்குக் கரண்ட் கேரளாவுடையது,
ஜெனரேட்டரில் ஊற்றிய டீசல் எங்களுடையது.
இன்னாசி ஸ்பீக்கருக்கு வயர் இழுக்கிறான்.
நான் பந்தி மேசை ஒன்றை இழுத்துப் போட்டு
கண்ட்ரோலரை விரித்திருக்கிறேன்.

பெண் பிரஜிலா, சித்தூர்க்காரி.
கையில் மருதாணி காயக் காய வந்து
விரல்நுனியால் ஒரு பென்டிரைவ் நீட்டினாள்:
"எங்க டீம் அடிச்ச சிங்காரி மேளம் சேச்சி.
பன்னெண்டு பெண்ணுங்க, பதினெட்டு நிமிஷம்.
மாப்பிள்ளை ஊருப் பறையோட
கலந்து விடணும்."

கலக்க வேண்டுமென்றால்
நிமிடத்துக்கு எத்தனை அடி என்று தெரியவேண்டும்.
கருவியிடம் கேட்டேன்.
தொண்ணூற்றிரண்டு என்றது.
சந்தேகப்பட்டு மறுபடி கேட்டேன்.
நூற்று முப்பத்தெட்டு.
மூன்றாம் முறை கூசாமல்
நூற்று எண்பத்து நான்கு.
சந்தை வியாபாரி கூட
இப்படி விலை மாற்றமாட்டான்.

கேபிள் மாற்றினேன்.
அணைத்துப் போட்டேன்.
"பென்டிரைவ்ல வைரஸ் இருக்கும்க்கா" என்றான் இன்னாசி,
அவனுக்கு எல்லாமே வைரஸ், மழை உட்பட.
அப்டேட் இறக்கலாமென்றால்
போன் சிக்னல் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே
வேலி தாண்டும் ஆடு.

எனக்குத் தெரிந்த குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.
நூற்று இருபத்தெட்டு. சுத்தம்.
இயந்திரம் அடித்ததை இயந்திரம்
முகம் பார்த்தே சொல்லிவிடுகிறது.

தேடும் எல்லையைச் சுருக்கினேன்,
எழுபதுக்குக் கீழே போகாதே, நூற்று நாற்பதுக்கு மேலே ஏறாதே.
அடக்கமாக யோசித்துவிட்டு
நூற்றேழு புள்ளி மூன்று என்றது.
எத்தனை முறை கேட்டாலும் அதே நூற்றேழு புள்ளி மூன்று.
அப்போதுதான் பயம் வந்தது.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு
கட்டைவிரலால் பட்டனைத் தட்டினேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
(பிரஜிலா எண்ணினால் இரண்டு மட்டும் ரண்டு. மற்றதெல்லாம் ஒன்றுதான்.)
முதல் நிமிடம் எண்பத்து நான்கு.
ஆறாம் நிமிடம் தொண்ணூற்றாறு.
பதினொன்றில் நூற்றுப் பதினெட்டு,
முடியும்போது நூற்று முப்பத்தொன்று.
செண்டை அடிக்கு நடுவில்
இலைத்தாளம் புகுந்து புகுந்து சிணுங்குகிறது,
அதையும் அடியென்று எண்ணியிருக்கிறது பாவம்.
ஒன்பதாம் நிமிடம் யாரோ கோலைத் தவறவிட்டு
யாரோ சிரிக்கிறார்கள்.
ஒரு செண்டை மட்டும் நாலு அடி காணாமல் போய்
மூச்சிரைக்கத் திரும்பி வருகிறது.

பன்னிரண்டு பேரும் ஏறிக்கொண்டே போயிருக்கிறார்கள்.
கருவி அந்த ஏற்றத்தையெல்லாம் கூட்டி, வகுத்து,
ஒருத்தியும் நின்று அடிக்காத ஒரு வேகத்தை
என்னிடம் கொடுத்திருக்கிறது.

கையாலேயே கோடு போட ஆரம்பித்தேன்,
இங்கே முதல் அடி, இங்கே முதல் அடி என்று.
ஆறாம் நிமிடம்வரை போட்டிருப்பேன்,
வாசலில் வெடி.
கிணத்துக்கடவிலிருந்து
மாப்பிள்ளை வேன் வந்துவிட்டது.

சிங்க் பட்டனை அணைத்தேன்.
இடது தட்டில் மேளம், வலது தட்டில் பறை,
வேக நெம்புகோல்மேல் ஒரு விரல்.
போட்ட கோடுகள் தீர்ந்த இடத்தில்
நெற்றிச்சுட்டி ஆட ஆட பிரஜிலா
மேடையிலிருந்து இறங்கி என் மேசைக்கே வந்தாள்.
"இப்போ ஏறும்" என்று
மருதாணி விரல் ஒன்றைத் தூக்கினாள்.
ஏறியது.
"கொஞ்சம் நில்லுங்க... இப்போ."
அவளுக்குத் தெரியாதா, அவள் அடித்தது.
பின்னால் யாரோ "முகூர்த்தப் புடவை, முகூர்த்தப் புடவை" என்று
கத்திக்கொண்டிருந்தார்கள்.

திரை மட்டும் அசையவில்லை.
நூற்றேழு புள்ளி மூன்று.

ஒன்பதாம் நிமிடம் கோல் விழுந்தது.
"அது நான்தான்" என்றாள், சிரித்தாள்.
அந்த இடத்தில், மேலே போகிற வழியில்,
மேளம் நூற்றேழு புள்ளி மூன்றைத் தொட்டது.
என் விரலுக்குத் தெரிந்தது.
திரை சொன்னது ஒரு நொடி உண்மை.
இன்னாசியைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பினேன்.
அதற்குள் நூற்றெட்டு.