புதன்கிழமை வசூல்

மலாவி ஏரிக்கரை.
மாமரத்தடியில் ஒரு தகரப் பெட்டி.
மூன்று பூட்டு, மூன்று சாவி,
மூன்று பெண்களின் இடுப்புத்துணி முடிச்சில்.

நான் கடன் அலுவலன்.
மோட்டார் சைக்கிள் வங்கியுடையது,
முதுகுவலி என்னுடையது.

பதினாறு பேர்.
விரல்நீள உசிபா மீனைப் படகிலேயே வாங்கி
மூங்கில் தட்டியில் காயப்போட்டு
லாரிக்காரனுக்கு வாளிக்கணக்கில் விற்பவர்கள்.
புதன்தோறும் ஆளுக்கு ஆறாயிரம் குவாச்சா.
ஒருத்தி தராவிட்டால் மற்றவர்கள் தரவேண்டும்.
விண்ணப்பத்தில் இதற்கு ஒற்றுமை என்று பெயர்.

மூன்றாம் புதன் லுசுங்கு கௌங்கா வரவில்லை.
அவள் வீட்டு அலுமினியப் பானையைத் தூக்கிவந்து
பெட்டியருகே வைத்தாள் ஃபைனஸ்.
உள்ளே அடிப்பிடித்த மாவு
இன்னும் ஈரமாக.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
ரசீதுப் புத்தகத்தில் பானைக்குக் கட்டம் இல்லை.

நான்காம் புதன் வந்தாள், பானையை மீட்டாள்.
ஏழாம் புதன் மறுபடி இல்லை.
'மெத்தனம்' என்று எழுதினேன்.
பேனாவும் வங்கியுடையதுதான்.

அன்றிரவு மூன்று வருடப் பேரேடுகளைப் புரட்டினேன்.
தவறிய தவணைகள் எல்லாம்
நாலு வாரத்துக்கொரு முறை
கொத்துக் கொத்தாய்.
ஏன், ஏன் என்று இருக்கும்போதே
மின்சாரம் போனது.
மெழுகுவத்தி தேடி எழுந்தவன்
அப்படியே நின்றேன்:
எழுத்துகள் தெரிந்தன.
சன்னலில் முழு நிலா.

விளக்கைக் காட்டித்தான் உசிபாவை அழைப்பார்கள்.
ஏரி முழுக்க விளக்காய்க் கிடக்கும் இரவில்
எந்த மீன் எந்தப் படகுக்கு வரும்?

லுசுங்குவிடம் சொன்னேன்.
"இதற்கு மூன்று வருடமா?
என் கோழியைக் கேட்டிருக்கலாமே."

தலைமையகத்துக்கு எழுதினேன்,
தவணை நிலாவைப் பார்த்து விழட்டும் என்று.
கணினியில் தேதிதான் ஏறும், நிலா ஏறாது என்றார்கள்.
பஞ்சாங்கக்காரனைப்போல் உட்கார்ந்து
அமாவாசைக்கு இந்தப்பக்கம் கொஞ்சம்
அந்தப்பக்கம் கொஞ்சம்
தேதி தேதியாய் நிரப்பி அனுப்பினேன்.
ஆறு மாதம் பார்ப்போம் என்று பதில்.

இப்போது பௌர்ணமி வாரத்தில் நான் போவதில்லை.
பானை அதன் அடுப்பில் இருக்கிறது.

போன புதன்
சாவியை முடிந்துகொண்டே ஃபைனஸ் கேட்டாள்:
"நிலாக் காயும் நாளுக்கும் வட்டி ஓடுமா?"

ஓடும் என்றேன்.

"சரிதான்" என்றாள்.
"அதைப் பிடிக்க உங்களுக்கு
விளக்கே வேண்டாம்."