மீந்த எழுத்துகள்

டண்டீ, விடுதிச் சமையலறை, செவ்வாய் மாலை ஏழு.
பீட்சாவுக்காக வந்தவர்கள் ஒன்பது பேர்.
மருந்தைப் பற்றிக் கேட்க வந்தவர் எவருமில்லை.

மேசையில் காய்ச்சல் மாத்திரை வைத்தேன்,
பக்கத்தில் எலுமிச்சை வாசனைச் சளித்தூள்.
"இரண்டிலும் பாரசிட்டமால்தான்.
பெட்டியின் முகத்தை விடுங்கள், முதுகைப் படியுங்கள்.
ஐந்நூறு மில்லிகிராம் என்றால் நாளுக்கு எட்டு, அதற்குமேல் கூடாது."

ரூரி மென்றுகொண்டே விரல்விட்டான்,
நேற்றிலிருந்து விழுங்கியதை,
தூளைக் கணக்கில் சேர்த்து.
பத்து விரலும் தீர்ந்தபோது மெல்வது நின்றது.
நூற்றுப் பதினொன்றை அழுத்தி
அவன் கையில் போனைக் கொடுத்தேன்.
ரத்தம் எடுக்க உடனே வரச் சொன்னார்கள்.
பீட்சா பாதி அப்படியே ஆறிக் கிடந்தது.

இரவு என் பெட்டியைத் திறந்தேன்.
தென்காசி மெடிக்கலில் கத்தரியால் நறுக்கித் தந்த அட்டை.
மேலே மீந்திருப்பது "...சின்" மட்டும்;
முன்பாதிப் பெயரும் காலாவதித் தேதியும்
கடைக்காரரிடமே தங்கிவிட்டன.
மார்ச்சில் தொண்டை கட்டியபோது
இதில் இரண்டைப் போட்டிருக்கிறேன்.
வகுப்பில் அதைச் சொல்லவில்லை.

காலையில் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"என்ன மருந்து இது?"
"தெரியலை" என்றேன்,
கழுத்தில் தொங்கிய அட்டையில்
மருந்தியல், மூன்றாம் ஆண்டு.