சில்லுக்குள் ஒரு மீன்

ப்ர்னோ நகரத்து ஞாயிறு சந்தையில்
இரண்டு பியர் விலைக்கு வாங்கிய கணினி.
திரைக்குப் படம் வரையும் சில்லின் முதுகில்
எண்ணை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள்.
ஊர் பேர் தெரியக்கூடாதாம்.

ட்ரஹோமீரா அதை அமிலத்தில் போட்டாள்.
"ஜன்னலைத் திற.
வெங்காயம் வதக்கினாலே இருமுகிறவன் நீ."

கறுப்பு ஓடு கரைய
நுண்ணோக்கிக்கு அடியில்
நகக்கண் அளவு நிலம், பாத்தி பாத்தியாய்.
மூன்று ராத்திரி
அமெரிக்கச் சில்லின் படத்தோடு ஒப்பிட்டாள்.
நகல்தான். கோட்டுக்குக் கோடு,
பிழைக்குப் பிழை.

நான்காம் இரவு என்னை எழுப்பினாள்.
மூலத்தின் மூலையில் ஒரு மீன்.
வடிவமைத்தவன் எவனோ அலுப்பில் கிறுக்கியது,
எந்தக் கம்பியோடும் சேராமல்.
நகலெடுத்தவனுக்கு
அது வேடிக்கையா வேலையா தெரியவில்லை.
யாரிடம் போய்க் கேட்பான்?
ஒரு செதில் விடாமல் வரைந்து,
எதற்கும் இருக்கட்டும் என்று
மின் இணைப்பும் கொடுத்திருக்கிறான்.

சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

பரணில் அதே கணினி இன்னொன்று உண்டு.
தூசி தட்டிப் போட்டோம்.
நீலத் திரை, ஓரத்தில் நடுக்கம்,
மினுக்கும் ஒரு கட்டம்.
உள்ளே எங்கோ
ஐந்து வோல்ட் குடித்துக்கொண்டு
அது.