பத்து லட்சத்து மூன்று

செட்டிச்சாவடி எடைமேடை. இரவு ஷிஃப்ட்.
ரசீதுத் தாளில் எண்ணுக்கு ஆறு கட்டம்தான்.
ஏழாவது இலக்கம் இன்று முதல்
கோட்டுக்கு வெளியே நிற்கும்.

பத்து லட்சமாவது வண்டிக்கு
முதலாளி சாமந்தி மாலை அனுப்பியிருந்தார்.
போட்டோ எடுத்தார்கள்.
ஆறு இரண்டு, ஆறு ஐந்து,
பெருக்கினால் அவ்வளவுதான் அந்த எண்.
எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வண்டி:
ஆறும் ஒன்பது. உள்ளே
மூன்று மூன்று தடவை ஏறி உட்கார்ந்திருக்க
ஏழு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு என
ஒரே மினிபஸ் கூட்டம்.
அதற்கு மாலையில்லை.

மாலைக்கு அடுத்தது ஒன்றில் முடிந்தது.
யாருக்கும் பிடிகொடுக்காது என்று நினைத்தேன்.
நூற்றொன்று தட்டியதும் திறந்துகொண்டது.
அதற்கடுத்தது இரட்டை. விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மாதையனின் டாரஸ்,
தார்ப்பாய்க்கு அடியில் வெள்ளைக்கல்.
பிரிண்டர் எண்ணை அடித்து முடித்து
எடையைத் தொடங்கும்போது கரண்ட் போனது.
பத்து லட்சத்து மூன்று.
எடை: வெறும் புள்ளிகள்.

பின்னால் மூன்று வண்டிகள் விளக்கணைத்துத் தூங்கின.
ஏற்காட்டு மலையில் ஒற்றை வெளிச்சம்
ஒரு கொண்டை ஊசியில் மறைந்து
அடுத்ததில் எதிர்ப்பக்கம் பார்த்தது.
எமர்ஜென்சி விளக்கை இழுத்து வைத்துப்
பாழான ரசீதுகளின் முதுகில்
வகுக்க ஆரம்பித்தேன்.
செல்போனில் போட்டால் ஒரு நொடி.
போடவில்லை.

"என்னம்மா எழுதுற?"
"உங்க நம்பர் எதுலயாவது மீதியில்லாம வகுபடுதான்னு."
மாதையன் பீடியைக் காலில் தேய்த்தார்.
"மீதியில்லாம எனக்கு எந்த மாசமும் முடிஞ்சதில்ல.
ஓனர் இன்னும் நாலாயிரம் தரணும்."

ஏழு, மீதி நாலு.
பதினொன்று, நாலு. பதின்மூன்று, நாலு.
முப்பத்தேழும் அதே நாலை நீட்டியது,
மினிபஸ்காரர்கள் பேசிவைத்த மாதிரி.
"அது என் நாலாயிரம்தான்" என்றார்.
பதினேழுக்குப் பன்னிரண்டு.
ஐம்பத்தொன்பதுக்கும்.

ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு.
அதற்கு மேல் போக வேண்டாம்:
பெரிய ஆள் ஒருத்தன் உள்ளே இருந்தால்
கூட வந்த சின்னவன் முன்பே மாட்டியிருப்பான்.
மாதையன் தூங்கிப்போனார்.
நான் நானூறுகளில் ஒரு தப்புப் போட்டு
அடித்துத் திரும்பப் போட்டேன்.

கடைசியாகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.
மீதி பன்னிரண்டு.
மறுபடியும் அதே பன்னிரண்டா?
அப்போதுதான் பொறி தட்டியது.
பன்னிரண்டு வண்டிக்கு முன்னால் போன
எம்-சாண்ட் லாரியின் எண்ணை
இந்த மூவரும் சேர்ந்துதான் கட்டியிருக்கிறார்கள்.
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்,
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வகுபடல" என்று எழுப்பினேன். "எதுலயும்."
"அதுக்கு ஏதாச்சும் கெடைக்குமா?"
"இல்ல."

மூன்றே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
எடையில்லாத ரசீது செல்லாது;
புது எண்தான் போட வேண்டும். நாலு.
"இது?"
"நாலாலயே வகுபடும்."
"அப்ப அதுவே இருக்கட்டும்" என்று
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
மேடையெல்லாம் வெள்ளைத் தூள்.

ரத்தான ரசீதைக் குறுக்கே கிழித்து
நோட்டில் பின் அடிப்பது இங்கே விதி.
கிழித்தேன்.
எண் ஒரு துண்டிலேயே முழுசாக நின்றது.

அடுத்த ஹாரன்.
ஐந்தில் முடிவது,
பேப்பர் தேவையில்லை.