அடிக்கு எத்தனை அடி

என் வேலை எண்ணுவது.
இன்யா ஏரியின் மேற்குக் கரையில்
ஹோட்டல்காரருக்கு ஒரு படகுத்துறை.
கரையோரம் பதினாறு மர முளை,
ஆழத்தில் எட்டு இரும்புக் குழாய்.
மிதவைமேல் விஞ்சு. விஞ்சில் கோ தெய்ன் ஸோ.
ஒன்றரை டன் குண்டை அவன் தூக்குவான், விடுவான்,
தூக்குவான், விடுவான்.
முளையின் உடம்பில் அடிக்கொரு சிவப்புக் கோடு.
ஒரு கோடு தண்ணீருக்குள் போய்
அடுத்தது போவதற்குள்
எத்தனை அடி விழுந்தது?
கட்டத்தில் பர்மிய எண். வாய்க்குள் தமிழ்.
அடையாளச் சீட்டில் நான் மா சான் யீ.
மிதவையில் எல்லோருக்கும் பவளக்கொடி.

இவர்கள் பியின்கடோ என்கிற மரத்துக்கு
நம்மில் இருள் என்று பேர்.
தண்ணீரில் போட்டால் மிதக்காது.
கூர்முனைக்கு இரும்புச் செருப்பு,
தலைக்கு இரும்பு வளையம்,
இல்லாவிட்டால் நாலாவது அடியில் பிளந்து நிற்கும்.
இருளைச் செருப்பு மாட்டி
இருட்டுக்குள் அனுப்புகிறோம் என்று
அந்தோணிமுத்து ஒருநாள் சொன்னான்.
வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னான்.

பத்தாவது முளை: கடைசி அடிக்குப் பதினாலு.
பதினோராவது இறங்கும்போது போன் துடித்தது.
தம்பி.
எல்லை தாண்டிவிட்டேன், மேசோட்டில் இருக்கிறேன்,
செருப்பு மட்டும் ஆற்றோடு போயிற்று.
அடி விழுந்துகொண்டே இருந்தது.
எண் எங்கேயோ விழுந்துவிட்டது.
தலை நிமிர்ந்தபோது கோடு இல்லை.
பதினாலு என்றே எழுதினேன்.

பத்தொன்பதாவது குழாய்
களிப்பானையில் துடுப்பு மாதிரி போனது.
அடிக்கு மூன்று. அடிக்கு இரண்டு.
பிறகு குண்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்ததற்கே
ஒரு முழம்.
இருபதடித் துண்டு ஒன்றை ஒட்டவைத்தான் அந்தோணிமுத்து.
அதுவும் பாதி போயிற்று.
ரத்தினவேலு முதலாளி குடையோடு வந்தார்.
இன்னொரு துண்டுக்கு யார் காசு கொடுப்பது?
இருபது என்று எழுதும்மா.
இரண்டு என்று எழுதினேன்.
சேறு என்ன உன் சித்தப்பனா,
விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாய்?
அதே தாளில், எட்டு வரி மேலே,
என் பதினாலு சத்தமில்லாமல் படுத்திருந்தது.

எஞ்சினியர் மா ஈ மோன், என்னைவிடச் சின்னவள்,
குழாயின்மேல் கை வைத்துச் சொன்னாள்:
நிறுத்துங்கள். நாம்தான் சேற்றைக் கலக்கிவிட்டோம்.
பிடித்துக்கொள்ள
அதற்கு ஒரு ராத்திரி வேண்டும்.

ராத்திரி காவல் எனக்கு.
இரும்பு திருடு போகும் காலம்.
தார்ப்பாய்க்கு அடியில் மழை கேட்டுக்கொண்டு,
எதிர்க்கரையில் மின்சாரம் போவதையும்
ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமுவதையும்
பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
குழாய் நின்றது.
யாரும் அதை ஒன்றும் செய்யவில்லை.

விடிந்து, லபெட்யே ஆறுவதற்குள்
குண்டைத் தூக்கினான் தெய்ன் ஸோ.
நேற்று தொப்பென்று விழுந்தது
இன்று ணங்கென்றது.
பலகைத் தலையணை புகைந்தது.
கொக்குகள் ஒரு கரையை விட்டு
மறு கரைக்குப் போயின.
இருபத்தைந்து அடி எண்ணினேன்.
கோடு ஒரு விரற்கடைகூட அசையவில்லை.
ஒரே முளைக்கு இரண்டு எண்.
இரண்டுக்கும் கீழே ஈ மோன் கையெழுத்துப் போட்டாள்.
அப்போது கேட்டிருக்கலாம்,
பதினொன்றையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போமா என்று.
மிதவையைத் திருப்ப அரை மணி நேரம்,
அவ்வளவுதான்.
டீயைக் குடித்து முடித்தேன்.

கூலி பாக்கி வாங்கப் போனபோது
பலகை பாவி வார்னிஷ் அடித்திருந்தார்கள்.
கோட்டுப் போட்ட ஒருவர் படகில் ஏறினார்.
துறை அசையவில்லை.
நடுவில் ஓர் இடத்தில் என் கால்
தானாக ஒரு பலகையைத் தாண்டி விழுந்தது.
என்னம்மா, பாண்டி ஆடுகிறாயா? என்றார் முதலாளி.
எண்ணுகிறேன் என்றேன்.